எழுந்து போகிறவரைக் கேட்டீர்களா?

கேள்வி: லிவர்பூலில் வாழ்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். 79 வயதாகும் என் மாமியார் 1963-ல் இங்கே ஒரு பீட் இசைக்குழுவில் பாடியவர். அவர் குரல் பதிவான ஒரே ஒரு அசிடேட் இசைத்தட்டு எங்களிடம் இருக்கிறது. ஏலத்தில் விட்டால் நல்ல விலை போகும் என்கிறார் கணவரின் அண்ணன். கணவரோ வீட்டிலேயே இருக்கட்டும் என்கிறார். விருந்தாளி வந்தால் போட்டுக் காட்டுவார். மாமியாருக்கு இதில் ஆர்வமில்லை, தட்டைப் போட்டாலே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார். தட்டில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, ஸ்பிரிட்டால் துடைக்கலாமா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: ஆர்வமில்லாதவர் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார் அம்மா. எழுந்து போகிறவருக்கு அந்தப் பாட்டில் ஏதோ இருக்கிறது. அது என்னவென்று உங்கள் வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. பாடியவர் அடுத்த அறையில் இருக்கிறார். பிள்ளைகள் இருவரும் அவர் குரலுக்குப் பாகம் பிரிக்கிறார்கள். நீங்கள் என்னிடம் தீர்ப்புக் கேட்கிறீர்கள். பெற்றவள் இருக்கும்போதே அவள் பொருளுக்கு விலை பேசுவது தப்பு.

அண்ணனின் கணக்கும் சரியில்லை. ஏலத்தில் விலை போவது பெரும்பாலும் புகழ்பெற்ற பெயர்தான், குரல் அல்ல. அதே ஊர்ப் பாடகி பெரில் மார்ஸ்டனைப் பாருங்கள். 1963-ல், அவருக்கு 16 வயதிருக்கும்போது, டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர் பாட்டை வெளியிட்டது. 1965 டிசம்பரில் பீட்டில்ஸின் கடைசி பிரிட்டன் சுற்றுப்பயணத்தில் அவரும் பாடினார். அடுத்த ஆண்டு பாடகர் ராட் ஸ்டூவர்ட்டோடு ஷாட்கன் எக்ஸ்பிரஸ் குழுவில் இருந்தார். அப்படிப்பட்ட குரல், ஆனால் அவர் தனியாகப் பாடிய சிங்கிள், அதாவது ஒற்றைப் பாட்டுத் தட்டு, ஒன்றுகூட வெற்றிப் பட்டியலில் ஏறவில்லை. மேடை வரை போனவருக்கே இதுதான் என்றால், உங்கள் மாமியார் எதை விழுங்கிக்கொண்டு வீடு திரும்பினாரோ.

ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அசிடேட் என்பது கடையில் விற்ற வினைல் இசைத்தட்டு அல்ல. அலுமினியத் தகட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. ஆல்கஹால் பட்டால் கரையும், பாட்டும் அதோடு போகும். அந்த வெள்ளை தூசியும் அல்ல. பூச்சு இளகியிருக்கச் சேர்த்த விளக்கெண்ணெய் சிதைந்து கொழுப்பமிலமாகக் கசிகிறது. எண்ணெய் போகப் போகப் பூச்சு சுருங்கும், அலுமினியம் சுருங்காது. ஒருநாள் வெடித்துச் செதில் செதிலாக உரியும். போதாததற்கு, முள் ஓடும் ஒவ்வொரு தடவையும் பள்ளம் தேய்கிறது. உங்கள் கணவர் விருந்தாளிக்குப் போட்டுக் காட்டுவது தாயின் குரலைச் சுரண்டுவதுதான். இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்து எடுங்கள். அமிலமற்ற காகித உறையில் போட்டு, 20 டிகிரிக்கு மேல் சூடேறாத அறையில் நிமிர்த்தி வையுங்கள். ரேடியேட்டர் பக்கமும் வேண்டாம், கூரையடி அறையும் வேண்டாம்.

பிறகு மாமியாரிடம் நீங்கள் மட்டும் போங்கள். தட்டைக் கையில் கொண்டுபோகாதீர்கள். என்ன செய்யட்டும் என்று கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை சும்மா இருங்கள்.

சம்மதித்தால், அசிடேட்டில் கைப்பழக்கமுள்ள ஒலிப்பதிவாளரிடம் கொடுங்கள். வெள்ளையை எடுப்பதும் பள்ளத்துக்கேற்ற முள்ளைத் தேர்வதும் அவர் வேலை. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாக, இரைச்சல் நீக்காத பிரதியை முதலில் கேட்டு வாங்குங்கள். சுத்தம் செய்தது தனியாக இருக்கட்டும். இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கினால் பாடியவரின் மூச்சும் சகர ஒலிகளும் சேர்ந்தே போய்விடும். பிரதிகளை மூன்று இடங்களில் வையுங்கள். முதல் பிரதி மாமியார் கையில்.

வேண்டாம் என்று சொன்னாரானால் உறையை மூடி அவரிடமே கொடுத்துவிடுங்கள். விற்பதும் இல்லை, போடுவதும் இல்லை. அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் அல்ல.