மணிக்கட்டில் ஒரு கருப்புக் கோடு

ஐயா, வணக்கம். என் மகனுக்கு 8 வயது. புளியமரத்திலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து பிலிமை ஜன்னலில் பிடித்தால், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே குறுக்காக ஒரு கருப்புக் கோடு ஓடுகிறது. மாமியாரின் பழைய கை பிலிமில் அந்தக் கோடு இல்லை. ஆனால் அதில் முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாக என்னவோ இருக்கிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார். பையனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

வாசகி, பாலக்கோடு

அன்புள்ள அம்மா,

நீங்கள் சொல்லும் கோடு அநேகமாக வளர்ச்சித் தட்டு. எலும்பு நீளமாக வளர்வது அங்கேதான். அந்த இடம் குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேயில் விழாது. அதனால் எலும்பு விட்டுப்போன மாதிரி கருப்பாகத் தெரிகிறது. மாமியாருக்கு அது 20 வயதுக்குள்ளேயே எலும்பாகி மூடியிருக்கும்.

பிலிமை மறுபடி ஜன்னலில் பிடியுங்கள். வளர்ச்சித் தட்டு என்றால் கோட்டின் இரண்டு ஓரமும் மெல்லிய வெள்ளைக் கரை கட்டியிருக்கும். புது முறிவுக்கு அந்தக் கரை இருக்காது, விளிம்பு கூராக நிற்கும். அப்புறம் எலும்பின் வெளி ஓரத்தையே கண்ணால் தடவிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளின் எலும்பு பச்சைக் கொம்பு மாதிரி, பல நேரம் துண்டாகாமல் ஓரத்தில் சின்னதாகப் புடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரே அறையில் இருந்த காலத்தில் நான் முதலில் தேடியது கோட்டை அல்ல, அந்தப் புடைப்பைத்தான். மணிக்கட்டின் குட்டி எலும்புகள் 8 இருக்க வேண்டுமே, 7தானே இருக்கிறது என்று பதற வேண்டாம். பட்டாணி எலும்பு பிலிமில் தெரிய இன்னும் ஓரிரு வருஷம் ஆகலாம்.

எனக்குக் கவலை உங்கள் மாமியாரின் பிலிம்தான். முன்கையின் இரண்டு எலும்புகளையும் ஒரு சவ்வு இணைக்கிறது. அது எக்ஸ்ரேயில் தெரியாது. நடுவில் சுத்தமான இடைவெளிதான் இருக்க வேண்டும். ஃபுளோரைடு அதிகமான போர் தண்ணீரைப் பல வருஷம் குடித்தவர்களுக்கு அந்தச் சவ்வு ரம்பப் பல் மாதிரி வெள்ளையாக எலும்பாகிவிடும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இது நிறைய. 2013இல் ஒகேனக்கல் குடிநீர் வந்ததே இந்தத் தண்ணீருக்கு மாற்றாகத்தான். "வயசாச்சு, எலும்பு அப்படித்தான்" என்று சொன்ன எத்தனையோ பெரியவர்களின் கையைப் பிலிம் மேல் வைத்திருக்கிறேன். வயது மட்டும் அதைச் செய்யாது அம்மா. அவருக்கு முதுகும் கழுத்தும் விறைத்துப்போகிறதா, குனிய முடிகிறதா என்று கேளுங்கள். குடிப்பது எந்தத் தண்ணீர் என்றும் பாருங்கள்.

பையன் விஷயத்தில் ஒன்று. பிலிம் சுத்தமாக இருந்தும் வளர்ச்சித் தட்டில் அடி பட்டிருக்கலாம். அந்த இடத்தை மெதுவாக அழுத்தும்போது அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ, நாள் கடத்தாமல் டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள். போகும்போது மாமியாரையும் அவருடைய பிலிமையும் கூட்டிக்கொண்டு போங்கள்.