ஆதியாகமத்தில் மனிதன் இரண்டு தடவை படைக்கப்பட்டானா?

கேள்வி: சபையில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுக்கிறேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். படைப்பு பற்றிய பாடத்தில் ஒரு பையன், "முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்கு அப்புறம் மனுஷன் வருகிறான். இரண்டாவதில் மனுஷனுக்கு அப்புறம்தான் மிருகங்கள் வருகின்றன. எது சரி டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். இன்னொரு பிள்ளை, ஆதாமின் முதல் மனைவி லிலித் என்று யூடியூபில் பார்த்தாளாம். அடுத்த வாரம் என்ன சொல்வது?

பதில்: பையன் சரியாகத்தான் படித்திருக்கிறான். அதை முதலில் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று வாயை அடைத்தால் கேள்வி போய்விடாது, உங்களிடம் வராது, அவ்வளவுதான்.

அடுத்து, அதிகார எண்களை மறந்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எபிரேய மூலத்தில் அந்த எண்கள் கிடையாது. 13-ஆம் நூற்றாண்டில், ஸ்டீபன் லாங்டன் காலத்தில், லத்தீன் வேதாகமத்துக்குப் போடப்பட்டவை அவை. கதை ஒட்டுப்போட்ட இடம் வேறு. ஏழாம் நாள் ஓய்வோடு முதல் கதை 2:3-இல் முடிகிறது, 2:4-இல் இரண்டாவது தொடங்குகிறது. அந்த வசனத்தில் விரலை வைத்துப் பாருங்கள். அதுவரை "தேவன்" என்றே வந்துகொண்டிருந்தது, அங்கிருந்து "தேவனாகிய கர்த்தர்" ஆகிவிடும். பிரெஞ்சு அரசர் 15-ஆம் லூயியின் மருத்துவர் ழான் அஸ்த்ருக் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான், மோசே பழைய ஏடுகளைச் சேர்த்து எழுதினார் என்று 1753-இல் ஒரு நூல் போட்டார், தன் பெயரைப் போடாமல். மோசேதான் எழுதினார் என்பதைக் காப்பாற்றத்தான் அவர் கிளம்பினார். பிற்பாடு அவர் போட்ட பாதையிலேயே போனவர்கள் மோசேயை விட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.

இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர், முதல் கதையை, யூதர்கள் நாடு கடத்தப்பட்ட பாபிலோனியச் சிறையிருப்பை ஒட்டி, கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலோ அதற்குக் கொஞ்சம் பின்னரோ ஆசாரியர் மரபில் எழுதப்பட்டதாகக் கொள்கிறார்கள். இரண்டாவது கதை வேறு கை. அதன் காலத்தில் ஒத்த கருத்து இல்லை. யூத மரபில் இதற்கு வேறு பதில் உண்டு: முதலில் சுருக்கம், அப்புறம் விவரம் என்பார் 11-ஆம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி. உங்கள் சபை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தவர்களுக்கு வரிசை மாறியிருப்பது தெரியாமலா இருந்திருக்கும்? திருத்த நினைத்திருந்தால் சில வரிகளில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. ஆகவே, நாமும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு கதையும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

முதல் கதையின் கேள்வி, உலகத்தில் மனிதனுக்கு என்ன இடம் என்பது. பாபிலோனின் படைப்புக் கதையான எனுமா எலிஷில், போரில் தோற்றுப்போன தெய்வமான கிங்குவின் ரத்தத்திலிருந்து மனிதர்கள் உண்டாக்கப்படுகிறார்கள். எதற்கு? தெய்வங்களின் வேலைப் பளுவைச் சுமக்க. அந்த வட்டாரத்தில் "தெய்வத்தின் சாயல்" என்ற பட்டம் அரசனுக்கு உரியது. 1979-இல் சிரியாவின் தெல் ஃபெகெரியே மேட்டில் ஒரு கருங்கல் சிலை கிடைத்தது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் ஆட்சியாளன் ஒருவன், கைகளைக் கோத்து நிற்கிறான். அங்கி நெடுகிலும் அக்காடியத்திலும் அரமேயத்திலும் எழுத்து. அரமேயப் பகுதியில் அந்தச் சிலையைக் குறிக்கும் இரண்டு சொற்களும், ஆதியாகமம் 1:26-இல் "சாயல்", "ரூபம்" என்று வருகிற எபிரேயச் சொற்களின் உறவுச் சொற்கள்தான். அரசன் தான் ஆளும் இடத்தில் தன் உருவத்தை நிறுத்துவான். ஆதியாகமமோ ஆண், பெண் எல்லாரையும் அந்த இடத்தில் நிறுத்துகிறது. நாடிழந்து கிடந்த ஒரு ஜனம் பாபிலோனில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால் அது சாதாரணப் பேச்சா?

அதே வசனத்தில் "நமது சாயலாக" என்று பன்மை வருவதையும் யாராவது கேட்பார்கள். திருச்சபை அதில் திரித்துவத்தைப் பார்த்தது, ராஷி தேவதூதர்களோடு கலந்து பேசியதாகச் சொன்னார். அதற்கு மேல் போக வேண்டாம்.

இரண்டாவது கதை மண்ணில் இறங்கி நிற்கிறது. மழை பெய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த ஆள் இல்லை என்றுதான் தொடங்குகிறது. அப்புறம் மண்ணிலிருந்து ஒருவன், நாசியில் மூச்சு, பிறகு தோட்டம், மரங்கள். முதல் கதையில் "நல்லது" என்ற பேச்சு ஏழு தடவை வரும். இங்கே 2:18-இல் முதன்முறையாக "நல்லதல்ல" என்று வருகிறது: மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல. அதனால்தான் மிருகங்கள் அவனுக்குப் பின்னால் வருகின்றன. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டப்படுகிறது, அவன் பேரிடுகிறான், எதுவும் துணையாக அமையவில்லை. கடைசியில்தான் பெண். வரிசை மாறியதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. பையனுக்கு இதைச் சொன்னால் போதும்.

பலகையை இரண்டாகப் பிரித்து, பிள்ளைகளையே வசனம் பார்த்து வரிசையை எழுதவிடுங்கள். நீங்கள் எழுதிப்போட்டால் பாதி சுவாரசியம் போய்விடும்.

விலா எலும்பு விஷயம் கட்டாயம் வரும். ஆணுக்கு ஒன்று குறைவு என்று வீட்டில் யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். பொதுவாக இருபாலாருக்கும் 12 ஜோடிதான். வேதாகமமும் ஆதாமின் பிள்ளைகளுக்கு எலும்பு குறையும் என்று சொல்லவில்லை. கை போனவனுக்குப் பிள்ளை கையோடுதானே பிறக்கிறது?

லிலித்? ஆதியாகமத்தில் அந்தப் பெயரே இல்லை. ஏசாயா 34:14-இன் எபிரேயத்தில் பாழிடத்து உயிர்களின் நடுவே ஒருமுறை வருகிறது, மனைவியாக அல்ல. ஆதாமோடு சண்டை போட்டுவிட்டுப் பறந்துபோன முதல் மனைவி என்பது, "பென் சீராவின் அகரவரிசை" என்ற இடைக்கால எபிரேய நூலின் கதை. கிண்டலும் கேலியும் நிறைந்த நூல் அது. முதல் அதிகாரத்தில் ஒரு பெண், இரண்டாவதில் இன்னொருத்தி என்று படிக்க இடமிருப்பதும் இந்தக் கதைக்கு வசதியாகப் போயிற்று. என்ன சண்டை என்று பிள்ளைகள் விடாமல் கேட்டால், "இரண்டு பேரும் மண்ணிலிருந்து வந்தவர்கள்தானே, யார் யாருக்குக் கீழ்" என்ற சண்டை என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி விவரம் அந்த வயதுக்கு வேண்டாம்.