பனிப்பூவுக்கு ஏன் ஆறு மூலை?

கேள்வி: கனடாவில இருக்கிற அண்ணா வீடியோ கோல்ல பனி கொட்டுறதைக் காட்டினவர். அண்டையில இருந்து மகள் கடுதாசியில பனிப்பூ வெட்டுறாள், ஆனா எப்பவும் எட்டு மூலைதான் வருது. உண்மையானது எப்பிடி?
- ஒரு அம்மா, கோண்டாவில்

பதில்: உண்மையானதுக்கு ஆறுதான் தங்கச்சி. மழைத்துளி உறைஞ்சு பனிப்பூ வாறேல்ல, முகிலுக்குள்ள ஒரு தூசியில நீராவி நேரா ஐஸாப் படியுது, தண்ணி மூலக்கூறுகள் அறுகோணமாத்தான் கோத்துக்கொள்ளும், அதால மூலைக்கு ஒண்டா ஆறு கை முளைக்குது, வடிவான நட்சத்திரம் எண்டா சுமார் -15 பாகை செல்சியஸில வாறதுதான். 1885இல அமெரிக்காவில வில்சன் பென்ட்லி எண்டவர் நுணுக்குக்காட்டியில கமராவைப் பூட்டி ஒரு பனிப்பூவைப் படம் எடுத்தவர், ஒரு விவசாயி!

மகள் பாதி பாதியா மடிக்கிறாள் போல, அதுதான் எட்டு. சதுரக் கடுதாசியை முக்கோணமா மடிச்சு, நீட்டுப் பக்கத்தின்ர நடுவில இருந்து மூண்டு சமபங்கா மடியுங்கோ, பிறகு ஒருக்கா பாதியா. மேல நீட்டிக்கொண்டு நிக்கிறதை வெட்டிப்போட்டு ஓரங்களில கொத்தலாம். கொப்பித்தாள் காணும், மட்டை வேண்டாம், கத்தரிக்கோல் இறங்காது. ஃபேனைப் போட்டிட்டு மட்டும் வெட்டாதேங்கோ, பிறகு வீடு முழுக்கப் பனிதான்.