அடுப்புக்குள் நீட்டிய கால்

அன்புள்ள ஐயா,

பழைய டூரிங் டாக்கீஸ்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகளுக்கு ஏழு வயது. போன மாதம் என் தங்கை வீட்டில் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு பேய்ப்படத்தை முழுசாகப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து தனியாக பாத்ரூம் போவதில்லை. ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. எல்லாம் கிராஃபிக்ஸ்தான் என்று எடுத்துச் சொன்னேன். அந்த மாதிரிப் படங்களை எப்படி எடுக்கிறார்கள், மேக்கப் எப்படிப் போடுகிறார்கள் என்ற வீடியோவையும் காட்டினேன். பலனில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கே தைரியம் குறைவோ என்று தோன்றுகிறது. எந்த வயதில் எந்தப் படங்களைக் காட்டலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா? சென்சார் சான்றிதழை நம்பலாமா? நானும் எட்டு வயதில் டிவியில் ‘விடாது கருப்பு’ தொடர் பார்த்துப் போர்வைக்குள் ஒளிந்தவன்தான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். கருப்பு குதிரையில் வருகிற சத்தம் கேட்டதும் போர்வைக்குள் போனவர், மகளுக்குத் தைரியம் போதவில்லை என்று எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். அவளுக்கு ஏழு வயது. உங்களுக்கு அப்போது எட்டு. கணக்கு பார்த்தால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது.

சான்றிதழ் விஷயம். யு/ஏ, அதாவது பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடு பார்க்க வேண்டிய படம் என்ற சான்றிதழ், 1983இல் வந்தது. 2023 சட்டத் திருத்தத்தில் அதை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் தங்கை வீட்டு ஹாலில் டிக்கெட் கிழிக்க யார் நிற்கிறார்கள்? பட்டியல் என்னிடம் இல்லை, இருந்தாலும் தரமாட்டேன். என் சித்தி மகன் எந்தப் பேய்ப்படத்துக்கும் அசையாதவன், ஆனால் ஒரு பல்பொடி விளம்பரத்தில் சிரித்த தாத்தாவைப் பார்த்து ஒரு வருஷம் அந்தச் சுவர்ப்பக்கமே போகவில்லை. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

நான் பதில் எழுத உட்கார்ந்ததே நீங்கள் காட்டிய அந்த வீடியோவுக்காகத்தான்.

1980 வாக்கில், ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு டென்ட் கொட்டகை இருந்தது. ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டுக் கேட்டால் வீட்டில் அவசர அவசரமாகச் சோற்றை வடித்து இறக்குவார்கள். அந்தக் கொட்டகைக்கு ‘ஜெகன்மோகினி’ வந்தது. விட்டலாச்சாரியா 1978இல் தெலுங்கில் எடுத்த படம், தமிழ் பேசிக்கொண்டு ஊர் ஊராக ஓடியது. பெண்கள் பக்கத்துத் தரையில் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் நான். மாமா தடுப்புக்கு அந்தப் பக்கம், ஆண்களோடு. எனக்கு ஏழு வயது, உங்கள் மகளைப் போலவே.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எதை மறந்தாலும் ஒன்றை மறக்கமாட்டார்கள். பேய் சமைக்கும். விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரியவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். கொட்டகையே ‘ஐயோ’ என்றது. அப்புறம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை விடுவார்கள், ஒரு படத்துக்கு மூன்று நான்கு. அந்தக் காட்சி முடிந்து கொஞ்ச நேரத்தில் ரீல் தீர்ந்து விளக்கைப் போட்டார்கள். முறுக்குக்காரன் கத்திக்கொண்டு வந்தான். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பகல் வெயிலில் காய்ந்த மணல் இரவில் வெதுவெதுப்பாக இருக்கும் என்று பெண்கள் பாதத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டு உட்காருவார்கள். அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். புடவைக் கரைக்குக் கீழே வெறும் மணல்தான் இருந்தது. கால் இல்லை.

பேய்க்குக் கால் பாவாது என்று எங்கள் பாட்டி நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

அன்று வீடு திரும்பிய இரண்டு மைலும் மாமா முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போனார். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். விடவும் பயம், பிடித்திருக்கவும் பயம். இதை யாரிடம் சொல்வது? பயந்தால் அம்மாவிடம் போகலாம். அம்மாவைப் பார்த்தே பயந்தால்?

மூன்று நாள் காய்ச்சல். பாட்டி தலைமாட்டில் பாக்குவெட்டியை வைத்தாள். சாயங்காலம் பள்ளிவாசல் வாசலுக்குத் தூக்கிப்போய், தொழுகை முடிந்து வந்தவர்களிடம் ஊதச் சொன்னாள். எதற்குமே காய்ச்சல் இறங்கவில்லை, நாலாம் நாள் அதுவாக இறங்கியது. ஒருநாள் மாமாவிடம் மட்டும் கேட்டேன், அந்த அடுப்புக் காலைப் பற்றி. அம்மாவின் பேச்சை எடுக்கவில்லை.

மாமா படித்தவர், பி.யூ.சி. உங்களை மாதிரியேதான், எதையும் விளக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர். “டேய், அது மரத்துல செஞ்ச காலுடா. பேயா நடிச்ச ஜெயமாலினி தன் காலை மடக்கிப் புடவைக்குள்ள வச்சிருக்கும். கேமராவுல தெரியாது” என்றார். கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன். அப்படியானால் காலைப் புடவைக்குள் ஒளித்துவைக்க முடியும். மரத்தில் கால் செய்து ஒட்டவைக்கவும் முடியும். பார்த்தால் நிஜக்கால் மாதிரியே இருக்கும். அதுவரை எனக்கு அம்மாவின் பாதத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. மாமா அதையும் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது உங்கள் வீடியோவுக்கு வாருங்கள். அதில் என்ன காட்டினீர்கள்? நம்மை மாதிரி ஒரு பெண் நாற்காலியில் வந்து உட்காருகிறாள். அவள் முகத்தின் மேல் இன்னொரு முகத்தை ஒட்டுகிறார்கள். ஓரம் தெரியாமல் பூசுகிறார்கள். சரி, பேய் பொய் என்று அவள் புரிந்துகொண்டாள் என்றே வைத்துக்கொள்வோம். கூடவே இன்னொன்றையும் புரிந்துகொண்டிருப்பாள்: ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகத்தை ஓரம் தெரியாமல் ஒட்டலாம். இனி விளக்கை அணைத்ததும் பக்கத்தில் படுத்திருப்பது அப்பாவின் முகம்தானா என்று அவள் எதைவைத்து முடிவுசெய்வாள்? அவள் விளக்கை அணைக்க விடாததற்குக் காரணத்தை என்னிடம் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது ஐயா, மன்னியுங்கள். அவள் உங்களிடம் எப்படி எடுத்தார்கள் என்றா கேட்டாள்?

ஒரு விஷயம், நடுவில் சொல்லிவிடுகிறேன். விட்டலாச்சாரியா உடுப்பிப் பக்கத்துக்காரர், கன்னடர். சினிமா எடுக்க வருவதற்கு முன்னால் அரசிகெரேயில் ஹோட்டல் நடத்தியவர், டூரிங் டாக்கீஸும் நடத்தியவர். அடுப்பையும் மணல் தரையையும் அறிந்த மனுஷன். அதனால்தான் அவருடைய பேய் பாழடைந்த பங்களாவுக்குப் போகாமல் நேராக நம் சமையற்கட்டுக்குள் வந்து உட்கார்ந்தது என்பது என் கட்சி. 2009இல் அதே பெயரில் தமிழில் மறுபடி எடுத்தார்கள். அக்கா மகனோடு போனேன். அவன் பாப்கார்னை விட்டுத் தலை நிமிரவில்லை.

அம்மாவிடம் நான் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. மாமா சொல்லியிருப்பாரோ, தெரியாது. காய்ச்சல் விட்ட பிறகு ஒன்றைக் கவனித்தேன். எங்களுடையது தரையோடு தரையாக இருந்த மண் அடுப்பு. அம்மா வழக்கமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் ஊதுவாள். அந்த நாட்களில் அவள் சம்மணமும் போடாமல், குந்தியும் உட்காராமல், இரண்டு காலையும் அடுப்புக்கு எதிர்ப்பக்கமாக, வாசற்படியை நோக்கி நீட்டி உட்கார ஆரம்பித்தாள். புடவையைக் கெண்டைக்கால்வரை ஏற்றிவிட்டிருப்பாள். அடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். உடம்பைத் திருகிக்கொண்டுதான் குழம்பைக் கிண்ட வேண்டும். நான் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எனக்கு எதிரில் பத்து விரலும் அசைந்துகொண்டிருக்கும், மெட்டியோடு. சில நாள் மெட்டியைக் கழுவித் தரச் சொல்வாள், நான் கழற்ற வேண்டும். பாட்டி “அடுப்பு முன்னால இப்படியா கால நீட்டுவ” என்று திட்டுவாள். அம்மா பதில் பேசமாட்டாள்.

மாரியம்மன் பண்டிகை வரைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தாள். அப்புறம் எப்போது பழையபடி மாறினாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை. தெரிந்துதான் செய்தாளா, இல்லை இடுப்பு வலியா என்று நானும் கேட்டதில்லை.

போன வருஷம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வலது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. தகவல் கிடைத்து ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் போய்ச் சேர்ந்தேன். கட்டிலில் போர்வையை மீறிக்கொண்டு அந்த வெள்ளைக் கால் நீட்டிக்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்போல.

“என்ன கண்ணு பாக்கற, அடுப்புல வச்சுட்டேன்” என்றாள் அம்மா.