மறுநாள் காலை ரயில் ஏறியவர்கள்

கேள்வி: 2006-இல் மும்பைப் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்த மறுநாளே அந்நகர மக்கள் அதே ரயில்களில் வேலைக்குச் சென்றார்கள். நம் டெல்டாவிலோ எதற்கெடுத்தாலும் கடையடைப்பு, மறியல். அந்த மன உறுதி நமக்கு ஏன் வரவில்லை? இளைஞர்களுக்குப் பயன்படும் வகையில் தாங்கள் இதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுத வேண்டும்.
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், மயிலாடுதுறை

பதில்: தலையங்கம் எழுதுவதாக இல்லை. ஏன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2006 ஜூலை 11 அன்று மாலை, அலுவலகம் விட்டு வீடு திரும்பும் நேரத்தில், மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில், முதல் வகுப்புப் பெட்டிகளில் வைக்கப்பட்ட 7 குண்டுகள் சுமார் 11 நிமிடங்களுக்குள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமுற்றவர்கள் 800 பேர் அளவில் இருந்தனர். குண்டு வெடித்த இடங்களில் மாஹிமும் மாட்டுங்கா ரோடும் அடங்கும். ஒன்று தாராவியை ஒட்டியது. மற்றொன்று தலைமுறைகளாகத் தமிழர் குடியேறி வாழும் பகுதியை ஒட்டியது. எனவே தஞ்சையிலும் கும்பகோணத்திலும் தங்கள் ஊரிலும் அன்றிரவு தொலைபேசியைக் கையில் பிடித்தபடி, கிடைக்காத இணைப்புக்காகக் காத்திருந்த குடும்பங்கள் இருந்திருக்கும். மறுநாள் ரயில்கள் ஓடின, மக்கள் ஏறினார்கள் என்பதும் உண்மைதான். ஆனால், நாளொன்றுக்கு 60 லட்சம் பேருக்கு மேல் புறநகர் ரயிலை நம்பி வாழும் ஒரு நகரத்தில், வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை என்றிருப்பவருக்கு வேறு என்ன வழி இருந்தது? பயம் இல்லாததால் அவர் ரயில் ஏறவில்லை, பயத்தோடுதான் ஏறினார். வேறு வழியில்லாமல் செய்ததை வீரம் என்று வெளியிலிருந்து பெயரிடுவது நமக்கு எளிது. (போகிற போக்கில் ஒன்று: சிதைந்த பெட்டிகளை அகற்றி, தடத்தைச் சரிபார்த்து, காலைக்குள் ரயில் ஓடும்படி செய்தவர்கள் தங்கள் துறைத் தோழர்கள். ஏறிய பயணிகளைப் புகழ்ந்தவர்கள் அவர்களை அவ்வளவாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.)

அந்நகரத்தில் பாராட்டத்தக்கது எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மறுநாள் காலையில் அல்ல, அன்று மாலையிலேயே நடந்தது. காவல்துறையும் ஆம்புலன்ஸும் வந்து சேருமுன்னரே, தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்தவர்கள் ஓடிவந்து, வீட்டிலிருந்த போர்வைகளில் காயமுற்றவர்களைக் கிடத்திச் சுமந்தார்கள். மருத்துவமனைகளில் இரத்தம் கொடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். இவர்களை எந்தக் கட்டாயமும் அங்கே கொண்டுவந்து நிறுத்தவில்லை. இன்னொன்றும் உண்டு, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மதக் கலவரத்தால் எரிந்த நகரம் அது. அடுத்த மார்ச்சில் தொடர் குண்டுவெடிப்பில் 257 பேரை இழந்த நகரமும் அதுவே. அப்படிப்பட்ட இடத்தில் 2006-இல் அண்டை வீட்டார்மீது எவரும் பழி தீர்க்கக் கிளம்பவில்லை, கலவரம் மூளவில்லை. நம் மாநிலத்தில் கோவை இதன் எதிர்ப்பக்கத்தைக் கண்டது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலையைத் தொடர்ந்து கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்து, அடுத்த பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டபோது, ஒரே கடைவீதியில் பல்லாண்டுகள் கொடுக்கல் வாங்கல் செய்துவந்தவர்கள் ஒருவரையொருவர் ஏறிட்டுப் பார்க்கவே தயங்கும் நிலை வந்தது.

இனி, மறுநாள் ரயில் ஏறியதற்குக் கிடைத்த அந்தப் பாராட்டினால் பயனடைந்தவர் யார் என்று பாருங்கள். மக்கள் இயல்புநிலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டால், உளவுத்துறை எங்கே தவறியது, நிலையங்களில் சோதனை ஏன் இல்லை, காயமுற்றவருக்கு மாதக்கணக்கில் ஆகும் சிகிச்சைச் செலவை யார் ஏற்பது என்ற கேள்விகளுக்கு அவசரம் போய்விடுகிறது. இந்த வழக்கில் 12 பேர் குற்றவாளிகள் என்று 2015-இல் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்து, 5 பேருக்குத் தூக்குத் தண்டனையும் 7 பேருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், அரசுத் தரப்பு குற்றத்தை மெய்ப்பிக்கத் தவறிவிட்டது என்று கூறி 12 பேரையும் விடுவித்தது. அவர்களுள் ஒருவர் அதற்கு முன்பே சிறைவாசத்தில் இறந்திருந்தார். அத்தீர்ப்பை மற்ற வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சில நாள்களில் ஆணையிட்டது. ஆயினும் விடுதலையானவர்களை மீண்டும் சிறைக்கு அனுப்பவில்லை. ஆக, 19 ஆண்டுகள் கழித்தும் குண்டு வைத்தவர் யார் என்ற கேள்வி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மறுநாள் காலையே வேலைக்குப் போனவர்களுக்கு நாடு கொடுத்த பதில் இது.

2008 நவம்பர் 26-க்குப் பிறகு அதே மக்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். கடல் வழியாக வந்த 10 பேர் 166 உயிர்களைப் பறித்த அந்தத் தாக்குதலுக்குப் பின், டிசம்பர் 3 அன்று கேட்வே ஆஃப் இந்தியா முன்பு பல்லாயிரம் பேர் திரண்டு, தங்கள் உறுதியைப் புகழ வேண்டாம், பாதுகாப்புக் கொடுங்கள் என்று கோபத்தோடு கேட்டார்கள். மத்திய உள்துறை அமைச்சர், மகாராஷ்டிர முதலமைச்சர், துணை முதலமைச்சர் ஆகியோர் பதவி விலகினார்கள். அந்த மாதமே தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நிறைவேறியது. இந்த முறை நட்சத்திர விடுதிகளும் தாக்கப்பட்டதால்தான் கோபம் அவ்வளவு தூரம் கேட்டது என்று சொல்பவர்கள் உண்டு. சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் மட்டும் 58 பேர் மாண்டிருக்க, தொலைக்காட்சிக் கேமராக்கள் பெரும்பாலும் விடுதிகளின் வாசலிலேயே நின்றதை நினைத்தால், அவர்களை என்னால் மறுக்க முடியவில்லை. அதன் விளைவுகள் நம் கரைக்கும் வந்தன: நாகப்பட்டினம் மீனவர் கைரேகை பதித்த அடையாள அட்டையோடு கடலுக்குப் போவதும், ‘சாகர் கவாச்’ என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை நாள்களில் அவருடைய படகு நிறுத்திச் சோதிக்கப்படுவதும் அதற்குப் பிறகு வந்தவை.

நம்மவர்க்கு உறுதி இல்லை என்கிறீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோர், 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை 10 ஆண்டுகள் அலைந்தார்கள். பின்னர் மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைந்ததையும் பார்த்தார்கள். பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். மறுவாரமே இயல்புநிலைக்குத் திரும்பிவிட்டார்கள் என்று அவர்களை எவரும் புகழவில்லை; திரும்பவுமில்லை. கடையடைப்பும் அப்படித்தான். ஒரு நாள் அடைப்பில் இட்லிக் கடைக்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் அன்றைய வருமானம் போகிறது. அதை நான் மறைக்கவில்லை, அளவு மீறிய அடைப்புகளை இந்தப் பக்கத்திலேயே கண்டித்தும் இருக்கிறேன். எனினும் 2018 ஏப்ரலில் காவிரிக்காகக் கதவடைத்த வணிகர், தமக்கு நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பானவரைப் பார்த்துக் கேட்டார். அதைக் கோழைத்தனம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

தாங்கள் ரயில்வேயில் பணியாற்றியவர் என்பதால் ஒரு வேண்டுகோள். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவின்படி, செல்லத்தக்க பயணச்சீட்டோ பாஸோ வைத்திருக்கும் பயணி ரயிலில் பயங்கரவாதச் செயலால் இறந்தால், ரயில்வேயின் தவறு என்று மெய்ப்பிக்காமலேயே அவருடைய குடும்பம் இழப்பீடு பெறலாம். அந்தத் தொகை 2017 ஜனவரி முதல் 8 லட்சம் ரூபாய். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் பொதுவாக ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மும்பையிலும் சென்னையிலும் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் நம் ஊர்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? மனு எழுதுவது எப்படி, எந்தெந்த ஆவணங்கள் வேண்டும், எழுத்தர்கள் எதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள் என்பதைத் தாங்கள் எழுதி அனுப்பினால் அடுத்த இதழிலேயே வெளியிடுகிறேன்.