மீன் உதிர்ந்தால் உதிரட்டும்

அன்புள்ள ஐயா,

வேலை முடிந்து வீடு சேர ஏழரை ஆகிவிடுகிறது. சீக்கிரம் வெந்துவிடும் என்றுதான் மீன் வாங்கி வைக்கிறேன். ஆனால் வாணலியில் ஒட்டிக்கொள்கிறது, திருப்பினால் உதிர்கிறது. வெந்ததோ இல்லையோ என்று இன்னும் கொஞ்சம் விட்டால் சக்கையாகிவிடுகிறது. வீடெல்லாம் வாடை வேறு. வாரநாளில் மீனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

விட்டுவிடாதீர்கள். அலுத்து வரும் நாளுக்கு மீனைவிட உதவியான சமையல் எனக்குத் தெரியாது.

இறைச்சித் தசைகளைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் கரைய நெடுநேரம் பிடிக்கும். மீனுக்கு அப்படியில்லை. அதன் உடம்பைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது, அதனால் கட்டும் குறைவு. இருக்கிற கொஞ்சமும் 50, 55 டிகிரி செல்சியஸிலேயே இளகி, சதை அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மீன் உதிர்வது உங்கள் கைக்கோளாறு இல்லை, வெந்துவிட்டது என்பதற்கான அடையாளம். நீங்கள் அதைப் பார்த்த பிறகும் அடுப்பில் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒட்டுவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மீன் சிவந்து முறுக வேண்டுமென்றால் 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஆகவே துணியாலோ காகிதத்தாலோ இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்து, எண்ணெயும் சூடான பிறகு தோல் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். தோல் சுருங்கி மீன் வளையப் பார்க்கும். அரை நிமிடம் கரண்டியால் லேசாக அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் தொடாதீர்கள். இதுதான் கஷ்டம், கை சும்மா இருக்காது. ஆனால் அடி முறுகிவிட்டால் மீன் தானாகவே விட்டுக்கொடுக்கும். கரண்டியை நுழைக்கும்போது இழுத்தால் இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள்.

நேரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 2.5 சென்டிமீட்டர் தடிமனுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மொத்தம் 10 நிமிடம். நான் எட்டாவது நிமிடத்திலேயே பார்த்துவிடுவேன். மிகத் தடிமனான இடத்தில் முள்கரண்டியால் லேசாகப் பிரித்தால், கண்ணாடி போலிருந்த சதை வெளுத்திருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம், உள்ளே 63 டிகிரி போதும். மீன்மேல் வெள்ளையாகக் கட்டி கட்டியாகப் பிதுங்கி வந்தால் சூடு அதிகம் என்று பொருள்.

வாடை பற்றி. மீன் இறந்தபின் அதில் உருவாகும் டிரைமெத்திலமைன் என்ற பொருள்தான் அந்த நாற்றம். எலுமிச்சையின் புளிப்பு அதைக் கட்டிப்போடும். ஆனால் சாற்றில் நெடுநேரம் ஊறவைக்காதீர்கள், அடுப்பில் வைக்கும் முன்பே சதை விறைத்துப்போகும். சாப்பிடும்போது பிழிந்துகொள்வதே நல்லது.

இவ்வளவு சொன்னாலும், முறுகிய தோல் எனக்கு எத்தனை பிடிக்கும் என்றாலும், நீங்கள் வாணலியில் தொடங்க வேண்டாம் என்பதே என் எண்ணம். ஓவன் இருந்தால் பேக்கிங் தாளில் நறுக்கிய வெங்காயம், தக்காளி, பூண்டு பரப்பி, உப்பும் மிளகும் தடவிய மீனை மேலே வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பொட்டலமாக மடித்துவிடுங்கள். 200 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். தன் ஆவியிலேயே வெந்துவிடும். திருப்பும் வேலை இல்லை, எண்ணெய் தெறிக்காது, வாடையும் பெரும்பாலும் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிடும். நீங்கள் உடை மாற்றி வருவதற்குள் சாப்பாடு தயார். ஓவன் இல்லையென்றால், அதே வெங்காயம் தக்காளியை வதக்கி, மேலே மீனை வைத்து, மூடி போட்டுச் சிறு தீயில் விடுங்கள். உதிர்ந்தால் உதிரட்டும், சாறோடு சேர்ந்து ருசியாகத்தான் இருக்கும்.

உறைந்த மீன் என்றால் முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வெளியே வைத்து இளக்க வேண்டாம். மறுநாள் மாலை நீங்கள் வரும்போது ஒற்றி எடுக்கத் தயாராக இருக்கும்.

அன்புடன்.