நிறுவனங்களுக்கான கிளவுட் சூழல்கள் எத்தனை வகை? சிறிய நிறுவனத்துக்கு எது பொருந்தும்?

தேர்வுக்கான பதில் என்றால் நான்கு வகை. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011இல் வெளியிட்ட வரையறை, பொது, தனியார், சமூக, கலப்பு என்று பிரிக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது நிறுவனத்துக்காக. கிளவுட் என்பது நெட்வொர்க் வழியாக வேண்டியபோது எடுத்துப் பயன்படுத்தும் சர்வர்கள்தான். அங்கே இரண்டு கேள்விகள் போதும்: அந்த சர்வர்களில் நம்மோடு வேறு யார் குடியிருக்கிறார்கள்? நள்ளிரவில் பழுதானால் யார் எழுந்து வர வேண்டும்?

பொது கிளவுடில் ஊரே குடியிருக்கும். எழுந்து வருவது அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் போன்றவர்களின் ஆட்கள். தரவு இந்தியாவிலேயே இருக்க வேண்டுமானால் பொது கிளவுட் ஆகாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். மைக்ரோசாப்ட் 2015லேயே சென்னை, புனே, மும்பையில் டேட்டா சென்டர்களைத் திறந்துவிட்டது. அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது. பணப் பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவுக்குள்ளேயே வைக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2018இல் உத்தரவிட்டபோது இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. உண்மையான தொல்லை பில்தான். தரவை உள்ளே ஏற்றுவது பெரும்பாலும் இலவசம், வெளியே எடுக்கும்போது கட்டணம். விலைப்பட்டியலில் இதைத்தான் முதலில் தேடிப் படிப்பேன்.

தனியார் கிளவுட் ஒரே நிறுவனத்துக்கானது. நான்கு சர்வர்களை வாங்கி அவற்றில் மெய்நிகர் கணினிகளை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனித்தனிக் கணினிகளை) ஓட்டுவதைப் பலர் இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊழியர் ஒருவர் யாரிடமும் கையெழுத்து வாங்காமல், தனக்கு வேண்டிய கணினியைத் தானே சில நிமிடங்களில் எடுத்துக்கொள்ள முடிந்தால்தான் அது கிளவுட். ஐரோப்பிய அணு இயற்பியல் ஆய்வகமான செர்ன், ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருளைக் கொண்டு அப்படித்தான் நடத்துகிறது. அமேசானிலிருந்து சொந்த சர்வர்களுக்கு மாறிய டிராப்பாக்ஸ், இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக 2018இல் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் கணக்குக் காட்டியது. கோப்புகளைச் சேமித்து வைப்பதே அதன் தொழில் என்பதால் அது கட்டுப்படியானது. ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் அதைப் பார்த்துக் கிளம்பினால், மிச்சமாவது சர்வர் நிர்வாகிகளின் சம்பளத்துக்கே போய்விடும்.

சமூக கிளவுட் என்பது ஒரே விதிமுறைக்கு உட்பட்ட பலர் சேர்ந்து வைத்துக்கொள்வது. நிதித்துறைக்கென ஒரு கிளவுட் அமைக்கப்படும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது இந்த வகைதான். உங்களுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

கலப்பு கிளவுடையும் பல-கிளவுடையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். சொந்த சர்வரும் பொது கிளவுடும் இணைந்து ஓடினால் கலப்பு. இரண்டு வெவ்வேறு கிளவுட் நிறுவனங்களிடம் கணக்கு வைத்திருந்தால் பல-கிளவுட்.

இரண்டாவதன் அருமை தெரிய வேண்டுமானால் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பருக்கு 2024 மே மாதம் நேர்ந்ததைப் பாருங்கள். அவர்களுடைய தனியார் கிளவுட் கூகுளின் டேட்டா சென்டர்களில் ஓடியது. அதை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஓர் அளவுருவை (அமைப்பில் தர வேண்டிய ஒரு மதிப்பை) நிரப்பாமல் விட்டுவிட்டார்கள். அதனால் ஓராண்டு முடிந்ததும் மொத்தமும் தானாக அழிந்துபோனது. இரண்டு இடங்களில் நகல் இருந்தும் பயனில்லை, இரண்டும் அதே தனியார் கிளவுடின் பகுதிகளாக இருந்ததால் சேர்ந்தே போயின. ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரமளவு தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. மீட்புக்குக் கைகொடுத்தவற்றில் வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்பும் ஒன்று.

எனவே சிறிய நிறுவனம் என்றால் ஒரே பொது கிளவுடில் தொடங்குங்கள். இரண்டு நிறுவனங்களின் கிளவுடிலும் மென்பொருளை ஓட்டும் ஆடம்பரம் வேண்டாம். தரவுத்தளத்தின் பேக்கப் மட்டும் தினமும் வேறொரு நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும். அதன் கடவுச்சொல்லும் பணம் கட்டும் கார்டும்கூட வேறாக இருக்கட்டும்.